கேட்காத ஒருத்தி

மற்ற வீடுகளில் காலையில் கண் விழித்தால் "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்பார்கள். எழுத்தம்மா வீட்டில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மாத்திரை போட்டாச்சா?" பல் தேய்த்துவிட்டு வந்தாலும் அதுதான், செருப்பை மாட்டினாலும் அதுதான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் எல்லோரும் துணியை எடுத்து அடுப்பைத் துடைப்பார்கள். இந்த வீட்டில் முதலில் மாத்திரை டப்பாவை ஆட்டிப் பார்ப்பார்கள்.

எழுத்தம்மா என்பது பேக்கரியில் வைத்த பெயர். கேக்கின் மேல் எழுதுவது அவள் வேலை. வெண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கிரீமை அடைத்து, நுனியைக் கத்தரிக்கோலால் துளி நறுக்கிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பிப்பாள். யார் பெற்ற பிள்ளைக்கோ பிறந்தநாள் வாழ்த்து, எந்த அலுவலகத்திலிருந்தோ ஓய்வு பெறுகிறவருக்கு நன்றி. தாளில் பிழை வந்தால் அடித்துவிட்டு எழுதலாம். கேக்கில் அதெல்லாம் நடக்காது, சுரண்டினால் தழும்பு தெரியும். அதனால் அவள் எழுதும்போது அடுப்பு மாஸ்டர்கூட இரும்புத் தட்டைச் சத்தமில்லாமல் வைப்பார். அவர் வாயிலிருந்து வந்த பெயர்தான் எழுத்தம்மா. அவளுக்கு இருந்த பெயர்களில் அவளுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் முதுகுக்குப் பின்னால் வைத்தவை.

நோய்க்கும் ஒரு பெயர் உண்டு, பைபோலார். மனசு சில மாதம் மேலே ஏறும், சில மாதம் கீழே இறங்கும் என்று டாக்டரம்மா ஒரு தாளில் அலை அலையாகக் கோடு போட்டுக் காட்டினார். கோடு அழகாகத்தான் இருந்தது. அதில் ஏறி இறங்குகிறவளுக்குத்தான் இடுப்பு ஒடிந்தது. ஏறுகிற நாட்களில் தூக்கம் என்ற சமாசாரமே தேவைப்படாது. வாய் ஓயாது, கை ஓயாது, எதிர்வீட்டுக்காரருக்குத் தொழில் ஆலோசனை சொல்வாள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுப்பாள். இறங்குகிற நாட்களில் தலை வாரச் சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தால் மதியம்வரை சீப்பு கையிலேயே இருக்கும். தலை வாரியிருக்க மாட்டாள். 'கொஞ்சம் எழுந்து நடமாடினா எல்லாம் சரியாப் போயிடும்' என்று அறிவுரை சொல்ல வந்தவர்கள் வந்து சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காபியை யார் போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவள்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமநிலத்தில் அவளை நிறுத்தி வைத்திருந்தது லித்தியம் மாத்திரை. அது அவளைக் காப்பாற்றியது, அதை அவளே மறுக்க மாட்டாள். ஆனால் சும்மா காப்பாற்றவில்லை. உடம்பை ஊதவைத்தது. நாக்கில் எப்போதும் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. நாள் முழுக்கச் சர்க்கரையிலும் கிரீமிலும் புழங்குகிறவளுக்கு எதைத் தின்றாலும் இரும்புதான். கையில் எந்நேரமும் ஒரு மெல்லிய நடுக்கம். அந்த நடுக்கத்தை ஏமாற்ற அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கி, மூச்சை வெளியே விட்டு முடித்த அந்தச் சின்ன இடைவெளியில் ஓர் எழுத்து. அடுத்த மூச்சு முடிந்ததும் அடுத்த எழுத்து. பார்க்கிறவர்களுக்கு அவள் ரசித்து ரசித்து எழுதுகிற மாதிரி இருக்கும்.

உடம்புக்கு வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. மாத்திரை தின்கிறவளுக்குச் சொந்தமாகச் சிரிப்பு கிடையாது, சொந்தமாகக் கோபம் கிடையாது. வாய்விட்டுச் சிரித்தால் 'ஏறுது' என்பார்கள். பேசாமல் இருந்தால் 'இறங்குது' என்பார்கள். கோபப்பட்டாலோ ஆஸ்பத்திரிக்குப் பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலையில் இருப்பவர். அந்தப் பார்வை வீட்டுக்கு வந்த பிறகும் போகாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முகத்தை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்து இன்றைய அளவு என்ன என்று குறித்துக்கொள்வார். நல்ல மனிதர்தான். கை நீட்டியதில்லை, விட்டுவிட்டு ஓடியதுமில்லை. ஆனால் அவர் அவளோடு வாழ்ந்தாரா, அவள் நோயோடு வாழ்ந்தாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

நாத்தனார் தொலைபேசியில் கூப்பிடுவாள். "எப்படி இருக்கே?" என்று ஆரம்பித்து, பதிலுக்குக் காத்திராமல் "மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறியா?" என்று முடிப்பாள். முதலாளியும் சளைத்தவர் அல்ல. ஒருநாள் மாவு மூட்டை ஈரத்தில் கெட்டுப்போயிருப்பதைப் பார்த்து அவள் கொஞ்சம் குரல் உயர்த்தியபோது, "ஏம்மா, இன்னிக்கு மாத்திரை போட்டியா இல்லியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மாவு கெட்டது கெட்டதுதான். ஆனால் அன்றைக்குப் பேச்சு மாவைப் பற்றி நடக்கவில்லை.

கேட்காதவள் ஒரே ஒருத்தி. அவள் மகள்.

பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பெரிய பரீட்சை வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் ஒருநாள்கூட அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சாயங்காலம் எழுத்தம்மா களைத்துப்போய் வந்து நாற்காலியில் சாய்ந்தால், கொக்கோ கலந்து சூடாக ஒரு கோப்பை பால் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். எதிரே புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்காருவாள். அம்மா பேக்கரிக் கதை சொல்வாள். நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாட வந்தவன் நாயின் பெயரை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் விழித்தது, கல்யாணமான மறுவாரமே 'மன்னிச்சிடு' என்று எழுதச்சொல்லிக் கேக் வாங்கிப்போன மாப்பிள்ளை. மகள் சிரிப்பாள். அவளும் சிரிப்பாள். அந்த அரைமணி நேரம் அவள் நோயாளி இல்லை, ஒரு பெண்ணுக்கு அம்மா. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளாகப் பாலை மகள் இன்னும் கரிசனமாகக் கொடுத்தாள். "ஆறிடும்மா, குடிச்சிடு" என்பாள். "அடியில இருக்கிறதையும் விட்டுடாதே" என்பாள். எழுத்தம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அடிவண்டலைக்கூட விரலால் வழித்து நக்குவாள். உலகத்தில் என்னை நம்புகிற ஜீவன் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அவளை நம்பாமல் இருக்க மற்றவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் அவள் மாத்திரையை நிறுத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன், கை நடுங்காமல் நாலு எழுத்து எழுதிப் பார்ப்போமே என்று தோன்றியது. கணவர் கேட்கும்போதெல்லாம் "போட்டாச்சு" என்றாள். போட்டது வாயில் அல்ல. கிரீம் பிழியும் குழாய்முனைகள் போட்டுவைக்கிற பழைய தகர டப்பாவில். அட்டை அட்டையாக அதில் சேர்ந்தன. கையும் நடுங்கவில்லை. கேக்கும் இனித்தது. அந்த ருசியைச் சொல்லி அவளுக்கு மாளாது.

அப்புறம் ஏறியது. மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்கு, யாரும் கேட்காமல், ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கு அடுக்காகக் கேக் செய்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அதில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயரையும் எழுதியிருந்தாள். மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தவள் விடவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிர்காலம் சொன்னாள், தலைமையாசிரியருக்கும் சொன்னாள். பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்தார்கள். பின்னால் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். கடைசியில் கணவரும் காவலாளியும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இறக்கியபோது, முதல் வரிசையில் மகள் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி, கதவுக்கு வெளியில் பூட்டு, ஒரு வார்த்தை பேசினாலும் குறித்துக்கொள்கிற நர்ஸ்கள். அந்த ஜன்னலில் கம்பிக்கு வெளியே வலையும் அடித்திருந்தார்கள். இனி செத்தாலும் அங்கே போகக் கூடாது என்று அன்றைக்கு நினைத்தவள், வீடு வந்த நாள் முதல் ஒரு வேளை தவறாமல் மாத்திரை விழுங்கினாள்.

தகர டப்பாவில் கிடந்த பழைய அட்டைகளை மட்டும் அவள் தூக்கியெறியவில்லை. குப்பைக்கூடையைக் கணவர் கிளறிப் பார்ப்பார். கண்ணில் பட்டால் மறுபடி ஒரு விசாரணை. வெட்கம் வேறு. டப்பாவை அலமாரிக்கு மேலே பழைய பைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நாளடைவில் மறந்தே போனாள்.

வெயில் உக்கிரமாக அடித்த அந்த மாதத்தில்தான் கை பேச்சுக் கேட்காமல் போக ஆரம்பித்தது. மூச்சு முடிகிற இடைவெளியும் உதவவில்லை. ஒரு பிறந்தநாள் வாழ்த்தில் எழுத்துகள் குளிரில் நின்ற மாதிரி உதறியிருந்தன. அடுத்த நாள் இன்னும் மோசம். தாகம் தீரவில்லை, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, நடந்தால் தரை ஒரு பக்கம் சாய்ந்தது. பேசினால் நாக்கு குழறியது. இரண்டு திசையிலும் தன் நோயை நன்றாக அறிந்தவள் அவள். ஏறினால் எப்படி இருக்கும் என்று தெரியும், இறங்கினால் எப்படி இருக்கும் என்றும் தெரியும். இது இரண்டும் இல்லை.

"என்னங்க, எனக்கு என்னமோ பண்ணுது" என்றாள் கணவரிடம். "இது அது இல்ல. வேற ஏதோ. ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கலாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மீட்டர் பார்த்தார்.

"மாத்திரை போடறியா?"

"போடறேங்க."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னே."

உண்மைதான். போன தடவை அப்படித்தான் சொல்லியிருந்தாள். அன்று முதல் அவர் எதிரிலேயே மாத்திரை விழுங்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. விழுங்கியதும் வாயைத் திறக்க வேண்டும். செல்போன் விளக்கை அடித்து, "நாக்கைத் தூக்கு" என்பார். தூக்குவாள். கன்னத்துக்குள்ளும் பார்ப்பார். கட்டிய மனைவியின் வாயை அவர் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இதெல்லாம் கூடத்தில்தான் நடக்கும். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்க மாட்டாள். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நாசூக்கு என்று எழுத்தம்மா நெகிழ்ந்தாள்.

வாயைத் திறந்து காட்டியும் பிரயோஜனமில்லை, உடம்பு நாளுக்கு நாள் கெட்டது. ஒரு கல்யாணக் கேக்கில் மணமக்கள் பெயர் ஒருபக்கமாகச் சரிந்து விழுந்தது. வாங்க வந்த பெண்ணின் தகப்பனார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை எழுதினவங்க குடிச்சிருந்தாங்களா?" என்று கேட்டார். முதலாளி அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவிட்டு உள்ளே வந்தார். எழுத்தம்மாவின் முகத்துக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுவந்து முகர்ந்தார். சாராய வாடை இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏம்மா, மாத்திரை?"

"போட்டிருக்கேன்ணா. சத்தியமா. எனக்கு உடம்புக்கு முடியல."

"சரி சரி. கொஞ்ச நாள் நீ பெட்டி மடி."

அவள் அட்டைப் பெட்டி மடித்தாள். அதுகூடக் கோணலாகத்தான் வந்தது. கூம்பை எடுத்துக்கொண்டு வேறொரு பெண் கேக் முன்னால் நின்றபோது மாஸ்டர் தட்டைத் தடாலென்று வைத்தார். அந்தச் சத்தத்தில் எழுத்தம்மாவுக்குக் கண் நிறைந்தது.

வீட்டில் மகளிடம் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்? "எனக்கு வந்திருக்கிறது அது இல்லடி. நீயாவது நம்பறியா?"

மகள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பை தட்டில் பட்டுக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "நம்பறேம்மா" என்றாள். "பாலைக் குடி."

அந்த வாரக் கடைசியில் எழுத்தம்மா குளியலறை வாசலில் விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை, வாயில் வார்த்தை வரவில்லை. கணவர் பெட்டியைக் கட்டினார். நாலு உடுப்பு, சீப்பு, சோப்பு. அந்தப் பெட்டி எந்த ஆஸ்பத்திரிக்கு என்று அவளுக்குச் சொல்லாமலே தெரிந்தது. அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு "வேண்டாங்க, வேண்டாங்க" என்று சொல்லப் பார்த்தாள். அவர் காதில் விழுந்ததெல்லாம் குழறல்தான்.

டாக்டரம்மா அவளைப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறினார். மனசைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. கையை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார், பொது வார்டில் படுக்கவைத்து நரம்பில் உப்புநீர் ஏற்றச் சொன்னார். ரத்தத்தின் முடிவு வந்ததும் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"லித்தியம் இருக்க வேண்டியதுக்கு மேல ரொம்ப இருக்கு. உடம்பையே விஷமாக்கிடும். எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"நீங்க... சொன்னதுதான்."

"யாரும் திட்ட மாட்டாங்க. உண்மையைச் சொல்லுங்க. உயிரோட இருக்க வேண்டாம்னு தோணிச்சா?"

எழுத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளையாக முகம் ஒத்துழைக்கவில்லை. இத்தனை நாள் மாத்திரை போடவில்லை என்று சந்தேகம். இன்றைக்கு அளவுக்கு மேல் போட்டாள் என்று சந்தேகம். மாத்திரை போட்டேன் என்பதை ஒருவழியாக ஊர் நம்பியது, அவளைத் தற்கொலைக்காரி ஆக்கிக்கொண்டு.

கணவர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். "ஏண்டி இப்படிப் பண்ணினே? பரீட்சை எழுதப்போற பொண்ணு வீட்டுல இருக்காளே, அவளை ஒரு நிமிஷம் நினைச்சியா?" என்று கேட்டார். அவர் அழுததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அந்த அழுகை அவள் செய்யாத ஒன்றுக்காக.

உப்புநீர் ஏற ஏறத் தரை நேரானது. நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் திரும்பி வந்தது. மறுநாள் சாயங்காலம் கணவர் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது மகள் வந்தாள். ஒரு கையில் பிளாஸ்க். மற்றொரு கையில் துணிப்பை. முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அப்பா சொன்னாரு. நீயே அள்ளிப் போட்டுக்கிட்டேன்னு."

"நான் போடலடி."

"தெரியும்மா" என்றாள் மகள்.

உலகத்தில் ஒருத்தி நம்பினாள். எழுத்தம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம் நீடித்தது. கண்ணைத் திறந்தபோது மகள் துணிப்பையிலிருந்து எதையோ எடுத்துப் போர்வை மேல் வைத்திருந்தாள். குழாய்முனைகள் போட்டுவைக்கிற பழைய தகர டப்பா.

"பழைய கேள்வித்தாள் தேடினப்ப அலமாரி மேல கிடைச்சுது. உள்ள அட்டை அட்டையா மாத்திரை. நீ மறுபடி நிறுத்திட்டேன்னு நினைச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "அப்பாகிட்ட சொன்னா உன்னை அங்க கொண்டுபோய் பூட்டிடுவாரு. அதனாலதான் நானே... பொடி பண்ணி... பால்ல."

எழுத்தம்மா டப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா எதிர்க்க விழுங்கினேனே. வாயைத் திறந்து காட்டினேனே."

"அப்புறம் போய் நீ துப்பிடறேன்னு நினைச்சேன். உனக்குக் கை நடுங்கினதும், பத்தலைபோலன்னு ரெண்டாப் போட்டேன்."

ஆக, அவள் மறைத்துவைத்த மாத்திரைகளே அவளைத் தேடி வந்து வாய்க்குள் இறங்கியிருக்கின்றன. நாக்கில் எப்போதும் இரும்பு ருசி இருப்பவளுக்குப் பாலில் இருந்த இரும்பு எங்கே தெரியப்போகிறது? அடிவண்டலை விரலால் வழித்து நக்கியது நினைவுக்கு வந்தது.

கோபம் வந்தது. மாத்திரையால் வந்த கோபமும் இல்லை, மாத்திரை இல்லாமல் வந்த கோபமும் இல்லை. எந்த மனுஷிக்கும் வருகிற, பெற்ற பிள்ளையின் கன்னத்தில் ஓங்கி அறைய வைக்கிற, நியாயமான கோபம். வாயைத் திறந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், எழுத்தம்மா குரலை விழுங்கிக்கொண்டாள். சத்தம் போட்டால் அதையும் சார்ட்டில் எழுதிவிடுவார்கள். ஆகவே அவள் கிசுகிசுப்பாகக் கோபப்பட்டாள்.

"நீ மட்டும்தான் கேக்க மாட்டேன்னு இருந்தேனேடி. எல்லாரும் கேட்டாங்க, நீ மட்டும் கேக்கல. அதை வச்சுத்தான் உயிரைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"கேட்டா போட்டாச்சுன்னுதானே சொல்லுவே" என்றாள் மகள், அவளும் கிசுகிசுப்பாகவே. "அன்னிக்கும் அதைத்தானே சொன்னே. நான் நம்பினேன். நான்தான் அப்பாகிட்டயே சொன்னேன், அம்மா போடறாங்கப்பா, நான் பாத்தேன்னு. அப்புறம் நீ மேடையில ஏறினே."

அந்த வருஷம் மகள் தனக்காகச் சாட்சி சொன்னது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அறைய நினைத்த கை போர்வையைப் பிசைந்தது. கோபம் போய்விடவில்லை. அவமானம் அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் சேர்த்து மென்று விழுங்கினாள்.

"போய் டாக்டர்கிட்ட நீயே சொல்லு" என்றாள். "என்னைத் தற்கொலைக்காரின்னு எழுதி வச்சிருக்காங்க. அதை அடிக்கச் சொல்லு."

மகள் போய்ச் சொன்னாள். அப்பாவிடமும் சொன்னாள். அவளை யாரும் திட்டவில்லை. டாக்டரம்மா தோளில் தட்டி, இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று எடுத்துச் சொன்னார். நாத்தனார் தொலைபேசியில், "பாவம் குழந்தை, பயத்துல பண்ணிடுச்சு. இவ ஒழுங்கா இருந்திருந்தா அது ஏன் இந்த வேலை பண்ணப்போகுது?" என்றாள். கணவர் தகர டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இதை ஏன் ஒளிச்சு வச்சே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பு முடியவில்லை, ரத்தம் பார்க்கலாம் என்று கெஞ்சியவளைப் பற்றி, அவள் சொன்னது அத்தனையும் உண்மை என்று ஆனதைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வரவில்லை. உண்மையாக இருந்துவிட்டால் அதைப் பேசக் கூடாது போலிருக்கிறது. அவளாகவும் கேட்கவில்லை. கேட்டால் 'ஏறுது' என்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பேக்கரிக்குப் போனாள். கை பழைய நடுக்கத்துக்கு வந்துவிட்டிருந்தது. அவள் சமாளிக்கக்கூடிய நடுக்கம்தான். தட்டின் முதுகில் எழுதிக் காட்டினாள். எழுத்து நேராக நின்றது. முதலாளி பார்த்தார், தலையை ஆட்டினார், "இப்போதைக்குப் பெட்டியே மடி, பாப்போம்" என்றார். மாஸ்டர் மட்டும் போகும்போது "எழுத்தம்மா" என்று கூப்பிட்டு ஒரு பன்னைக் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நாற்காலியில் வந்து சாய்ந்தாள். மகள் கோப்பையோடு வந்து நின்றாள். பழக்க தோஷம். நின்ற பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

எழுத்தம்மா கோப்பையை வாங்கவில்லை. "நீ குடி முதல்ல" என்றாள்.

மகள் ஒரு வாய் குடித்தாள். மேலுதட்டில் கொக்கோ மீசையாக ஒட்டிக்கொண்டது. கண்ணில் நீர் தளும்ப, இன்னொரு வாயும் குடித்துக் காட்டிவிட்டு நீட்டினாள். எழுத்தம்மா வாங்கினாள், உதடுவரை கொண்டுபோனாள், வைத்துவிட்டாள். குடிக்க முடியவில்லை. பாலில் ஆடை கட்ட ஆரம்பித்தது.

"இனிமே நீயும் கேளு" என்றாள்.

"என்னத்தைம்மா?"

"எல்லாரும் கேக்கறதைத்தான்."

"மாட்டேம்மா."

"கேளுடி. தெரியாம பால்ல போடறதுக்கு, மூஞ்சிக்கு நேரா கேக்கறது எவ்வளவோ தேவலை."

மகள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். அச்சு அசல் அப்பாவின் குரல்.

"மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

மகளின் கண் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. அவள் வாயைப் பார்த்தது. எழுத்தம்மா வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். மகள் குனிந்து பார்த்தாள்.